மனு கொடுத்தாச்சு, சால்வை போட்டாச்சு, ஒண்ணும் நகரலை: சிறு தொழில் சங்கம் அரசிடம் காரியம் சாதிப்பது எப்படி?

(ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும். எழுதியவர்கள் எல்லோரும் புனைபெயரில்.)

பட்டறைச் செயலாளர் கேட்டது:

வணக்கம்ங்க. கோவையில் லேத், மில்லிங், டிரில்லிங் ஜாப் ஒர்க் செய்யும் குறுந்தொழில் பட்டறைகளின் சங்கம் எங்களுடையது. 180 உறுப்பினர்கள். பம்ப், மோட்டார் கம்பெனிகள் அனுப்பும் காஸ்டிங்கைக் கடைந்து கொடுத்து கூலி வாங்குகிற வேலை. ஒரு பட்டறைக்கு மூன்று பேர், மிஞ்சினால் எட்டுப் பேர்.

2019 அக்டோபரில் 18 சதவீதத்திலிருந்து 12 ஆன ஜாப் ஒர்க் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் திரும்பவும் 18 ஆகிவிட்டது. கலெக்டர், எம்.பி., மாநில அமைச்சர், ஊருக்கு வந்த மத்திய அமைச்சர் என்று எல்லோருக்கும் மனு கொடுத்துவிட்டோம். மனுவில் 11 கோரிக்கைகள்: ஜாப் ஒர்க் வரி, மின்சார நிலைக்கட்டணம், பார்ட்டி (வேலை தரும் கம்பெனி) பில் பணம் 45 நாளில் வரவேண்டும், தனி தொழிற்பேட்டை, வங்கி வட்டி, இப்படிப் போகும். கிடைத்த பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "பரிசீலிக்கிறோம்".

பெரிய சங்கங்கள் சொன்னால் மட்டும் எப்படி எடுபடுகிறது? ஆள் பலமா, பணமா, முறையா? முறைதான் என்றால் அதை வரிசையாகச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு பதில்:

11 கோரிக்கை இருந்தால் அந்தத் தாளை யாரும் முடிவுக்குக் கொண்டுபோக முடியாது. அது 11 அலுவலகங்களின் வேலை. தபால் பிரிவில் அதைப் பிரிக்கிறவர் முதல் கோரிக்கையைப் பார்த்து ஒரு துறைக்குத் தள்ளுவார். அங்கே "இதில் பல இனங்கள் நமது துறையைச் சார்ந்தவை அல்ல" என்று ஒரு குறிப்பு எழுதி நகல் அனுப்புவார்கள். கதை முடிந்தது.

முதல் வேலை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் "இதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு" என்று எழுதுங்கள். உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. விகிதம், மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜி.எஸ்.டி. கவுன்சில். மின்கட்டணம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். தொழிற்பேட்டை, சிட்கோவும் (மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) மாநில எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) துறையும். 45 நாளில் பில் என்பதை ஏன் கேட்கிறீர்கள் என்றே புரியவில்லை. அது ஏற்கெனவே சட்டம். 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் 15ஆம் பிரிவில் 45 நாள் உச்சவரம்பு இருக்கிறது, 16ஆம் பிரிவில் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி இருக்கிறது. உத்யம் (மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. பதிவு) உள்ளவர் மத்திய எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் போடலாம். பார்ட்டி கோபித்துக்கொள்வார் என்ற பயத்தில் யாரும் போடுவதில்லை, அது வேறு பிரச்சினை. ஆனால் இருக்கிற சட்டத்தையே கேட்டு மனு கொடுத்தால், வாசிக்கும் அதிகாரிக்கு மீதிப் பத்து கோரிக்கையிலும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாவது, கோப்பு எப்படி நடக்கிறது என்பது. தலைமைச் செயலகத்தில் செயலாளரைப் பார்த்து மனு கொடுத்ததும் காரியம் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தத் தாள் கீழே இறங்கி உதவிப் பிரிவு அலுவலர் மேசைக்கு வரும். அவர் கோப்பு திறந்து, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று மேலே ஏறும். தொழில் சம்பந்தப்பட்டது என்றால் நடுவில் தொழில் வணிக ஆணையரிடம் அறிக்கை கேட்பார்கள். ஆணையரகம் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளரிடம் கேட்கும். ஆக, நீங்கள் சென்னையில் கொடுத்த தாள் இரண்டு மாதம் கழித்து உங்கள் ஊர் பொது மேலாளர் மேசையில் வந்து உட்காரும். அவருக்கு விஷயம் தெரியாவிட்டால் மூன்று வரி பதில் எழுதுவார். அந்த மூன்று வரிதான் செயலாளர் பார்க்கும் "அறிக்கை".

அதனால் கீழிருந்து தொடங்குங்கள். பொது மேலாளருக்கு முதலிலேயே முழு விவரம், புள்ளிவிவரம், பட்டறைகளை நேரில் பார்க்க ஒரு அரை நாள். அவர் அறிக்கையில் எழுதவேண்டிய எண்கள் அவர் கையில் இருக்கவேண்டும். பிறகு ஆணையரகம். செயலாளர் கடைசி. பணச் செலவு உள்ள கோரிக்கை என்றால் நிதித்துறை ஒப்புதல் இல்லாமல் அரசாணை வராது. வருடத்துக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று நீங்களே எழுதாவிட்டால் நிதித்துறை தானாக ஒரு பெரிய தொகையை ஊகித்து "நிதிநிலை இடமளிக்கவில்லை" என்று திருப்பும்.

மாநில விஷயங்களுக்கு இன்னொன்று. சட்டமன்றத்தில் துறைச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சர் அறிவிப்புகள் வெளியிடுவார் அல்லவா, அந்தப் பட்டியலைத் துறை பல வாரங்கள் முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். விவாதம் நடக்கும் வாரம் மனுவோடு போய் நிற்பது, பந்தி முடிந்த பிறகு இலை கேட்பது மாதிரி.

பிரிவு 143 பதில்:

ஜி.எஸ்.டி. பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

"திரும்ப 12 ஆக்குங்கள்" என்று கேட்டால் எடுபடாது. 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கையே கலைத்துவிட்டார்கள். உங்களுக்காக ஒரு அடுக்கைத் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள். மிச்சம் இருப்பது 5. அதற்கு ஒப்பீடு காட்டலாம்: ஜவுளி ஜாப் ஒர்க் 5ல் இருக்கிறது, அதே 2025 மாற்றத்தில் தோல், மருந்து, செங்கல் ஜாப் ஒர்க்குகள் 12லிருந்து 5க்கு இறங்கின. தனியாகப் பெயர் சொல்லப்படாத மிச்ச ஜாப் ஒர்க்தான், அதாவது நீங்கள், 18க்கு ஏறியது.

ஆனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இது: "18 போட்டாலும் உங்கள் பார்ட்டி ஐ.டி.சி. (உள்ளீட்டு வரிக் கழிவு) எடுத்துக்கொள்கிறார். உங்களுக்கு என்ன நஷ்டம்?" வழக்கமான பதில், "பில் 90 நாள் கழித்து வருகிறது, வரியைக் கையிலிருந்து கட்டுகிறோம்" என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 3 லட்சம் கூலி பில் போடும் பட்டறை. 12 சதவீதத்தில் வரி 36,000. 18ல் 54,000. கூடுதல் 18,000. ஜனவரி பில்லுக்கு வரி பிப்ரவரி 20ல் கட்டுகிறார். ஜனவரி நடுவில் போட்ட பில்லுக்குப் பணம் ஏப்ரல் நடுவில் வரும். ஆக வரிப்பணம் முடங்குவது சுமார் இரண்டு மாதம். மூன்று மாதம் என்று மனுவில் எழுதாதீர்கள், உடனே பிடித்துவிடுவார்கள். கூடுதலாக முடங்குவது 36,000. அதற்கு வருடம் 12 சதவீத வட்டி என்றால் 4,320 ரூபாய். மாதம் 360. இதற்காக நாடு முழுக்க ஒரு வரி விகிதத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறீர்கள்.

வலி அங்கே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பார்ட்டி பில்லில் பிடித்தம் செய்தாலும், தரவே இல்லை என்றாலும், நீங்கள் கட்டிய வரி கட்டியதுதான். மாதாமாதம் கணக்காளர் கூலி, தாமதக் கட்டணம், நோட்டீஸ், இவைதான் மூன்று பேர் பட்டறையை முடக்குகின்றன.

அப்படியானால் கேட்கவேண்டியது விகிதத்தை அல்ல, பதிவு வரம்பை. பொருள் மட்டும் விற்பவருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 40 லட்சம். ஜாப் ஒர்க் சட்டப்படி சேவை என்பதால் உங்களுக்கு இன்னமும் 20 லட்சம். மேலே சொன்ன மாதம் 3 லட்சம் பட்டறையின் ஆண்டு வரவு 36 லட்சம். அதே ஆள் சொந்தமாக இரும்பு வாங்கி போல்ட் கடைந்து உள்ளூரில் விற்றால் பதிவே தேவையில்லை. அடுத்தவர் இரும்பைக் கடைந்தால் பதிவு, ரிட்டர்ன், எல்லாம். இந்த முரணை ஒரே வரியில் சொல்லலாம், கேட்பவர் மறுக்க முடியாது.

வருவாய் இழப்பு? கிட்டத்தட்ட இல்லை. பதிவு பெற்ற முதலாளிக்கு, அதாவது பொருளை அனுப்பி வேலை தரும் பார்ட்டிக்கு, செய்யும் ஜாப் ஒர்க்கில் நீங்கள் கட்டும் வரியை அவர் ஐ.டி.சி.யாகக் கழித்துவிடுகிறார். நீங்கள் கட்டவில்லை என்றால் அவர் கழிக்கவும் மாட்டார். வரி ஏய்ப்புக்கு வழியாகும் என்பார்கள். அதற்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது: 2(68) பிரிவின்படி ஜாப் ஒர்க் என்பதே பதிவு பெற்ற இன்னொருவரின் பொருள்மேல் செய்யும் வேலை. பொருள் டெலிவரி சலானில் போகிறது, முதலாளி ஐ.டி.சி.-04 (ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த பொருளின் கணக்கு) தாக்கல் செய்கிறார். தடம் அவர் பக்கம் முழுதாக இருக்கிறது.

"6 சதவீத காம்பொசிஷனுக்குப் (சிறியவர்களுக்கான எளிய வரித் திட்டம்) போங்களேன்" என்றும் கேட்பார்கள். 50 லட்சம் வரை சேவைக்கு அது உண்டு. ஆனால் அதில் வரி வசூலிக்க முடியாது, பார்ட்டிக்குக் கிரெடிட் கிடையாது, 6 சதவீதம் உங்கள் கூலியிலிருந்தே போகும். இந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். அங்கே போய் யோசிக்கக் கூடாது.

யாரிடம் போவது என்பதும் மாறுகிறது. விகிதக் கோரிக்கை கவுன்சிலுக்காக விகிதங்களை ஆராயும் ஃபிட்மென்ட் கமிட்டிக்குப் போகும். பதிவு வரம்பு, சட்டம் பார்க்கும் லா கமிட்டி விஷயம். இரண்டிலும் மத்திய, மாநில வரி அதிகாரிகள்தான் உட்காருகிறார்கள். தமிழ்நாட்டின் வணிகவரித் துறை அதைத் தன் முன்மொழிவாக எடுத்தால்தான் உள்ளே நுழையும். சென்னை எழிலகத்தில் வணிகவரி ஆணையரகத்தில் ஜி.எஸ்.டி. கொள்கை பார்க்கும் அதிகாரி யார் என்று கண்டுபிடியுங்கள். உங்களுக்கு மத்திய அமைச்சரைவிட அவர் முக்கியம்.

இன்னொரு தப்பு நிறையச் சங்கங்கள் செய்வது: மத்திய பட்ஜெட்டுக்கு முந்தைய மனுவில் ஜி.எஸ்.டி. விகிதத்தைக் கேட்பது. பட்ஜெட்டில் சுங்க வரியும் வருமான வரியும்தான் முடிவாகும். ஜி.எஸ்.டி. விகிதம் கவுன்சில் வேலை.

பட்டறைச் செயலாளர் பதில்:

ரொம்ப நன்றிங்க. 360 ரூபாய் கணக்கைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. எங்கள் மனுவின் முதல் பத்தியைப் போடுகிறேன், இதை எப்படி மாற்றுவது?

"கோவை மாவட்டத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்கு வாழ்வளித்து நாட்டின் பொருளாதாரத்துக்கு முதுகெலும்பாக விளங்கும் குறுந்தொழில் இன்று கடும் நெருக்கடியில் தத்தளிக்கிறது. ஜி.எஸ்.டி. வரிச்சுமையால் ஆயிரக்கணக்கான தொழில்கூடங்கள் மூடப்படும் அபாயம் உள்ளது. எனவே தாங்கள் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்."

பிரிவு 143 பதில்:

இதில் என்ன வேண்டும் என்பதே இல்லை. ஆவன செய்வது அவர் கையில் விட்டாச்சு, அவர் ஆவன செய்து "பரிசீலிக்கிறோம்" என்று எழுதிவிட்டார். நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: பதிவு பெற்ற முதலாளிகளுக்கு மட்டும் ஜாப் ஒர்க் செய்வோருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தக் கோருதல்.

பொருள் மட்டும் விற்போருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பிறர் பொருளைக் கடைந்து தருவோர் சேவை வழங்குபவர் என்பதால் 20 லட்சத்திலேயே பதிவு செய்யவேண்டியுள்ளது. எங்கள் உறுப்பினர்களில் விவரம் தந்த __ பட்டறைகளில் __ பட்டறைகளின் ஆண்டு வரவு 20 முதல் 40 லட்சத்துக்குள் உள்ளது. இவர்கள் கடந்த நிதியாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரி __ ரூபாய். முழுத் தொகையும் முதலாளிகளால் உள்ளீட்டு வரியாக எடுக்கத்தக்கது. எனவே நிகர வருவாய் இழப்பு ஏறத்தாழ இல்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 23(2) பிரிவின்கீழ் அறிவிக்கை மூலம் இதைச் செய்யலாம். அறிவிக்கையின் வரைவு இணைப்பு 1ல்."

முதல் பக்கம் இவ்வளவுதான். கருணை, முதுகெலும்பு எல்லாம் வேண்டாம். 23(2)ஐக் குறிப்பிடுவது முக்கியம். 40 லட்சத்தை 2019ல் அப்படித்தான், 10/2019 அறிவிக்கை மூலம் கொடுத்தார்கள். சட்டத்திருத்தம் வேண்டாம், அறிவிக்கை போதும் என்று தெரிந்தால் அதிகாரியின் தயக்கம் பாதி குறையும். வரைவையும் நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் திருத்துவார். வெறுந்தாளில் எழுத மாட்டார்.

அந்தக் கோடிட்ட இடங்களை நிரப்புவதுதான் உண்மையான வேலை. 180 பேரிடமும் ஒரு பக்கப் படிவம். கேள்வி ஏழுக்கு மேல் வேண்டாம்: ஆண்டு வரவு, எத்தனை ஆள், எத்தனை குதிரைத்திறன், ரொக்கமாகக் கட்டிய வரி, பில் வர சராசரி நாள், கணக்காளருக்குத் தரும் மாதத் தொகை, கட்டிய தாமதக் கட்டணம். 60 பேர் நிரப்பினாலே போதும், ஆனால் அந்த 60ல் பெரியது, சிறியது, பதிவில்லாதது எல்லாம் கலந்திருக்கவேண்டும். வரவுக்கும் வரிக்கும் வாய்ச்சொல் ஆகாது, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டியதைக் காட்டும் ரிட்டர்ன்) நகல் வாங்குங்கள். மனுவில் பெயரை மறைத்து பட்டறை 1, பட்டறை 2 என்று போடலாம். கையில் மூலப்படிகள் இருக்கட்டும். "லட்சக்கணக்கான தொழிலாளர்" என்று எழுதினால் உத்யம் பதிவு எண்ணிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மொத்த மனுவும் போச்சு.

கவுன்சில் இணையதளத்தில் கூட்டக் குறிப்புகளும் நிகழ்ச்சிநிரல் தொகுதிகளும் இருக்கின்றன. விகிதக் கோரிக்கைகளுக்கு ஃபிட்மென்ட் கமிட்டி ஏற்றது, ஏற்காதது, தள்ளிவைத்தது என்று காரணத்தோடு அட்டவணை இருக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்கள், படிக்க அலுக்கும். ஆனால் மற்றவர்களை என்ன சொல்லித் திருப்பினார்கள் என்பதைப் பார்த்தாலே உங்களிடம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கிலோவாட் பதில்:

மின்கட்டணம் தனித் தடம். இதில் எல்லாரும் செய்யும் பிழை, அமைச்சரிடம் மட்டும் போவது. கட்டணத்தை நிர்ணயிப்பது ஆணையம். 2003 மின்சாரச் சட்டம் 64ஆம் பிரிவின்படி மின்வாரியம் கட்டண மனு போட்டால், அதை வெளியிட்டு பொதுமக்கள் ஆட்சேபணைகளைக் கேட்டு, 120 நாளுக்குள் உத்தரவு போடவேண்டும். 2022ல் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கருத்துக்கேட்பு நடந்தது, செப்டம்பர் 10ல் புதுக் கட்டணம் வந்தது.

கருத்துக்கேட்பு மேடையில் ஆவேசமாகப் பேசினால் கைதட்டு கிடைக்கும், செய்தியும் வரும். உத்தரவில் இடம் பிடிப்பது எழுத்தில் கொடுத்த ஆட்சேபணைதான். ஆட்சேபணைகளின் சாரம், வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து என்று உத்தரவில் வரிசையாக வரும். அதனால் ஒரு ஆட்சேபணை ஒரு பத்தி, அதற்கு ஒரு எண், மனுவில் எந்தப் பக்கத்தை மறுக்கிறீர்கள் என்ற குறிப்பு. "கட்டண உயர்வை முழுதாகக் கைவிடவேண்டும்" என்று எழுதினால் வாரியத்தின் நஷ்டக் கணக்கைக் காட்டி இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். "3-பி தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் உச்சநேர நுகர்வைப் பிரித்துப் பதிவு செய்யும் மீட்டரே இல்லாதபோது உச்சநேரக் கட்டணத்தை எந்த அளவீட்டின்மேல் போடுகிறீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாதம்தான் பிறகு எடுபடவும் செய்தது.

உத்தரவு பாதகமாக வந்தால் இரண்டு வழி. ஒன்று, 111ஆம் பிரிவின்கீழ் 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். நீங்கள் ஆட்சேபணையே கொடுக்கவில்லை என்றால் அங்கே வாதம் பலவீனமாகும். இரண்டு, அரசிடம் போவது. இப்போதுதான் அமைச்சர் வருகிறார். 65ஆம் பிரிவின்படி அரசு மானியம் தருவதாக இருந்தால் அந்தப் பணத்தை வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டவேண்டும். ஆகவே "குறையுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், இந்த வகை இணைப்பில் இத்தனை கிலோவாட்டுக்கு இவ்வளவு குறைத்தால் வருடம் இத்தனை கோடி என்று போடுங்கள். இணைப்பு எண்ணிக்கையும் மின்பளுவும் வாரியத்தின் கட்டண மனுவிலேயே வகைவாரியாக இருக்கும், வெளியில் தேட வேண்டாம்.

சாத்தூர் ரோடு பதில்:

கூட்டணி பற்றி யாரும் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, தீர்மானத்துக்கு நான்கில் மூன்று வேண்டும். வாக்கெடுப்பு நடப்பது அபூர்வம். முதல் முறை நடந்ததே 2019 டிசம்பரில், லாட்டரிக்கு. எல்லாம் ஒருமித்துத்தான் முடிகிறது. அப்படியானால் ஒரு மாநிலம் மட்டும் கேட்கும் விஷயம் மரியாதையாகத் தள்ளிப்போகும். ராஜ்கோட், லூதியானா, பெலகாவி, புனே, இங்கெல்லாம் உங்களைப் போலவே லேத் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த ஊர்ச் சங்கங்களுக்கு உங்கள் ஒரு பக்கத்தை அனுப்பி, அவரவர் மாநில வணிகவரி ஆணையருக்கு அதே வாசகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாசகம் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் 40 லட்சம், இன்னொருவர் 50 லட்சம், வேறொருவர் 5 சதவீதம் என்றால் "தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

தீப்பெட்டியைப் பாருங்கள். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 என்று இருந்தது. இரண்டு பக்கமும் நலன் வேறு. 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கினார்கள். பிளவுபட்டுப் போனால் நடுவில் ஒரு கோடு போட்டுத் தருவார்கள், அது யாருக்கு லாபம் என்பது அவர்கள் கவலை இல்லை.

அதே தொழில் ஒன்றாகப் போன இடம் லைட்டர். ஒரு பிளாஸ்டிக் லைட்டர் 20 தீப்பெட்டியைத் தின்றுவிடும் என்ற வாதம் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எல்லா இடத்திலும் ஒரே குரலில் வந்தது. 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29ல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் கீழ் உள்ள லைட்டரைத் தடை செய்தது. முழுத் தடை என்று வரவில்லை, விலை வரம்பாக வந்தது. துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரி பில்லைப் பார்த்தே முடிவு எடுக்கலாம், அதுதான் அதன் வசதி. அமல்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்கும் வடிவத்தில் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் ஓட்டையையும் அப்போதே யோசித்திருக்கவேண்டும். முழு லைட்டர் நின்றதும் உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டலாம் அல்லவா. உதிரிபாகத்துக்குக் கட்டுப்பாடு 2024 அக்டோபரில்தான் வந்தது. நடுவில் 15 மாதம். உங்கள் வரைவிலும் "யார் இதைச் சுற்றிப் போவார்கள்" என்று ஒரு பத்தி யோசித்து வையுங்கள்.

கிடைத்தது நிலைக்கும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஊர் வெட் கிரைண்டரே சாட்சி. 28ல் தொடங்கி 2017 நவம்பரில் 12, 2019ல் 5, 2022 ஜூலையில் ஒரே தாவலில் 18.

பட்டறைச் செயலாளர் பதில்:

டெல்லியில் ஒருவர் "கன்சல்டன்ட்" என்று தொடர்பு கொண்டார். வேலை முடிந்தால் மட்டும் பணம், உறுப்பினருக்கு 5,000 வீதம் என்கிறார். உள்ளே ஆள் இருக்கிறதாம். போகலாமா? எம்.பி. உதவத் தயாராக இருக்கிறார், அவரை வைத்து என்ன செய்யவைப்பது என்றும் தெரியவில்லை.

பழைய கோப்பு பதில்:

வேண்டாம். அமெரிக்கா மாதிரி லாபி செய்பவரைப் பதிவு செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் லாபியே குற்றம் என்றும் இல்லை, மனுப் போடுவதும் வாதாடுவதும் உரிமை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் சேர்த்த 7ஏ பிரிவு, தவறான வழியில் அரசு ஊழியரை இணங்கவைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குபவரைக் குற்றவாளியாக்குகிறது. 8ஆம் பிரிவு லஞ்சம் கொடுப்பவரையும் பிடிக்கிறது. "உள்ளே ஆள் இருக்கிறது", "முடிந்தால் பணம்", இந்த இரண்டு வாசகமும் ஒன்றாக வந்தால் போனை வைத்துவிடுங்கள். 180 பேரிடம் 5,000 என்றால் 9 லட்சம். வரைவு எழுத ஒரு நல்ல ஜி.எஸ்.டி. வக்கீலுக்கு ரசீதோடு கட்டணம் கொடுத்து, இரண்டு பேர் டெல்லி போய்வந்தாலும் அதில் பெரும்பகுதி மிஞ்சும்.

எம்.பி.யிடம் பரிந்துரைக் கடிதம் மட்டும் வாங்காதீர்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டத்தொடர் தேதி வந்ததுமே கொடுத்துவிட வேண்டும். அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் கேள்விக்கு ஆசைப்பட வேண்டாம், மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான் எடுப்பார்கள், அதிலும் நேரம் போதாது. நட்சத்திரமில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அது உங்களுக்குப் போதும். கேள்வியை நீங்களே எழுதிக்கொடுங்கள்: பொருளுக்கு 40 லட்சம், ஜாப் ஒர்க்குக்கு 20 லட்சம் என்ற வேறுபாட்டுக்குக் காரணம் என்ன, 20 முதல் 40 லட்சத்துக்குள் உள்ள ஜாப் ஒர்க் செய்வோரிடமிருந்து கடந்த மூன்று ஆண்டில் வந்த வரி எவ்வளவு, இதுபற்றி எந்த மாநிலத்திடமிருந்தாவது முன்மொழிவு வந்துள்ளதா. மூன்றாவது உட்பிரிவுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழிலகம் போகலாம். மக்களவையின் 377 விதியின்கீழும் எழுப்பலாம், 250 வார்த்தைக்குள் அடங்கவேண்டும்.

நேரில் சந்திப்பு கிடைத்தால் மூன்று பேர் போங்கள், ஒருவர் பேசுங்கள். 25 பேர் போனால் அறிமுகத்திலேயே நேரம் தீர்ந்துவிடும். பேசுவது நான்கு நிமிடம்: என்ன வேண்டும், யார் செய்யலாம், அரசுக்கு என்ன செலவு, மறுப்பவர் என்ன சொல்வார். மீதி நேரம் அவர் கேட்பதற்கு. சால்வை, போட்டோ எல்லாம் கடைசியில் இருக்கட்டும். கிளம்பும் முன் மனுவின் மேல் ஓரத்தில் எந்த அதிகாரிக்கு என்று அவர் கைப்பட எழுதி வாங்கிவிடுங்கள், நேர்முக உதவியாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். மூன்று நாளுக்குள் நன்றிக் கடிதம், அதில் அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். கோப்பில் அது ஒரு தாளாக உட்கார்ந்துவிடும்.

பிறகு பின்தொடர்வது. மனு கொடுத்த அன்றே தபால் பிரிவில் வரவு எண் வாங்குங்கள். மூன்று வாரத்தில் கோப்பு எண் கேளுங்கள். மாதம் ஒரு தடவை போன், பிரிவு அலுவலரிடம், மரியாதையாக: "இன்னும் ஏதாவது விவரம் தேவைப்படுகிறதா சார்?" தேவைப்பட்டால் இரண்டு நாளில் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதமாக அசைவே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காமல், இன்ன தேதியில் கொடுத்த இன்ன வரவு எண் மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அதிகாரியிடம் போனது, கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். "ஏன்" என்பதற்குப் பதில் தரவேண்டியதில்லை, நகலுக்குத் தரவேண்டும். ஆனால் கோப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆர்.டி.ஐ. போடாதீர்கள், பார்க்கிற அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டு முதலில் உங்கள் ஆர்.டி.ஐ.க்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவார்.

பட்டறைச் செயலாளர் பதில்:

புரிஞ்சுதுங்க. ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் படிவத்தை வைக்கிறேன். 11ஐ ஒன்றாகக் குறைக்கச் சம்மதிப்பார்களா என்பதுதான் சந்தேகம், தொழிற்பேட்டைக் கோரிக்கை தலைவருடையது.

பழைய கோப்பு பதில்:

தனி மனுவாக, தனித் தேதியில், சிட்கோவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நிலத்தின் சர்வே எண்ணோடு.